பூவைத் தாளில் நிறுத்திய கைகள்
ஐந்தருவிச் செடிகளும் ஜப்பான் மர அச்சும் சொல்லும் கதை

ஐந்தருவியில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலையில் வண்டிகள் வரிசை கட்டும். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் திருவிழாதான். குளிப்பவர்கள் ஒரு பக்கம். மங்குஸ்தான் பழம் விலை பேசுகிறவர்கள் ஒரு பக்கம். எல்லோருடைய கண்ணும் ஐந்து கிளையாகப் பிரிந்து விழும் தண்ணீர் மீதே இருக்கும்.

அந்தப் பாறைகளின் ஈரத்தில் சின்னஞ்சிறு செடிகள் முளைத்திருக்கும். சில செடிகளின் பூ குண்டுமணி அளவுகூட இராது. சாரல் நின்றதும் அவையும் காய்ந்து போகும். அடுத்த ஆண்டுதான் மறுபடி பார்க்கலாம். குளிக்க வருகிற கூட்டத்தில் அவற்றைக் குனிந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

ஆனால், அப்படிக் குனிந்து பார்த்த ஒரு மனிதர் இருந்தார். அவர் பறித்து வந்த செடிகளை அப்படியே தாளில் வரைந்து வைத்த ஓவியர்கள் இருந்தார்கள். அந்தப் படங்கள் சென்னையில் அச்சாகி உலகமெல்லாம் சென்றன. அதே காலத்தில், கடலுக்கு அப்பால் ஜப்பான் நாட்டிலும் பூக்களையும் செடிகளையும் தாளில் அச்சிட்டுக்கொண்டு இருந்தார்கள். இங்கே கல்லில் அச்சடித்தார்கள். அங்கே மரத்தில் அச்சடித்தார்கள்.

இரண்டு கதையையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புரியும். ஒரு பூவைத் தாளில் நிறுத்த ஒரு கை போதாது. பல கைகள் வேண்டும். அவற்றில் எத்தனை கைகளின் பெயர் நமக்குத் தெரியும்?

பாளையங்கோட்டைக்கு வந்த டாக்டர்

அந்த மனிதரின் பெயர் ராபர்ட் வைட். ஸ்காட்லாந்துக்காரர். 1796-இல் பிறந்தவர். எடின்பரோவில் வைத்தியம் படித்தார். 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்து டாக்டராகச் சென்னைக்கு வந்தார்.

பட்டாளத்தில் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதுதான் அவருடைய வேலை. ஆனால் மனம் முழுவதும் செடி, கொடிகளின் மீதுதான். போகிற ஊரிலெல்லாம் செடிகளைச் சேகரித்தார். நாகப்பட்டினத்தில் இருந்தபோதும் அதே வேலை. 1831-இல் விடுமுறையில் ஊருக்குப் போனார். அப்போது அவருடன் கப்பலில் போனவை ஆயிரக்கணக்கான உலர்ந்த செடிகள்!

1834-இல் அவர் திரும்பி வந்தார். பல்லாரியில் வேலை. பிறகு அவருடைய பட்டாளம் தெற்கே பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்டது. பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலம் எவ்வளவு தூரம்? ஒரு நாள் குதிரைப் பயணம். செடிப் பித்துப் பிடித்தவர் சும்மா இருப்பாரா? குற்றாலத்துக்கு வந்தார். மலையில் ஏறினார். அருவிக் கரைகளில் திரிந்தார். குற்றாலத்துச் செடிகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். அது சென்னையில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிச் சஞ்சிகையில் அச்சாயிற்று.

அப்போது குற்றாலத்தில் கம்பெனி காலத்து வாசனைத் தோட்டங்கள் இருந்தன. சாதிக்காய், கிராம்பு முதலியவற்றைக் கடல் கடந்து கொண்டுவந்து அங்கே நட்டிருந்தார்கள். மலையின் ஈரமும் நிழலும் அவற்றுக்கு ஒத்துக்கொண்டன. இன்றும் ஐந்தருவிக்கு அருகே அரசாங்கத்தின் பழத்தோட்டம் இருக்கிறது. அதன் பக்கத்தில் விழும் அருவிக்கே பழத்தோட்ட அருவி என்றுதான் பெயர்.

வைட் பின்னாளில் வெளியிட்ட நூல்களில் பல செடிகளுக்கு நேராக, கிடைத்த இடம் குற்றாலம் என்று குறித்திருக்கிறார். எந்த மாதத்தில் பூக்கும் என்பதையும் எழுதியிருக்கிறார்.

உலர்ந்த செடி போதாது

செடியைச் சேகரிப்பது எப்படி? பறித்த செடியைத் தாள்களுக்கு நடுவே விரிக்க வேண்டும். மேலே பாரம் வைத்து அழுத்த வேண்டும். தாள் ஈரத்தை உறிஞ்சும். ஈரமான தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாளை வைக்க வேண்டும். செடி நன்றாகக் காயும் வரை இப்படியே மாற்றிக்கொண்டு இருக்க வேண்டும்.

சொல்வது சுலபம். சாரல் காலத்தில் குற்றாலத்தில் துணி காயவே இரண்டு நாள் ஆகும். தாள் எப்படிக் காயும்? ஒரு நாள் கவனிக்கத் தவறினாலும் செடி பூசணம் பிடித்துவிடும். ஆகவே இந்த வேலையில் முதல் தேவை, தாள். கட்டுக் கட்டாகத் தாள்!

அப்படிப் பாடுபட்டு உலர்த்தினாலும் ஒரு குறை உண்டு. பூவின் நிறம் போய்விடும். சிவப்பும் நீலமும் பழுப்பாகிவிடும். உருண்டையாக இருந்தது தட்டையாகிவிடும். மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அதனால்தான் படம் வேண்டியிருந்தது. பூ வாடும் முன்பே அதைப் பார்த்து வரைய வேண்டும். இலையின் நரம்பு தவறக் கூடாது. பூவை அறுத்து, உள்ளே இருக்கும் மகரந்தத் தண்டையும் சூலையும் பெரிதாக்கி, தனித்தனியே காட்ட வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்து, வேறு தேசத்தில் இருக்கும் ஒருவர் அதே செடியை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அழகு மட்டும் இருந்தால் போதாது. உண்மையும் இருக்க வேண்டும்.

இந்த வேலையைச் செய்தவர் வைட் அல்ல. அதற்கு அவரிடம் இரண்டு இந்திய ஓவியர்கள் இருந்தார்கள்.

ரங்கையாவும் கோவிந்துவும்

முதலாமவர் ரங்கையா. ஏறத்தாழ 20 ஆண்டுகள் வைட்டிடம் படம் வரைந்தார். அவருக்குப் பின் வந்தவர் கோவிந்து. 1840-களின் நடுவிலிருந்து கோவிந்துவின் கையே அதிகம். வைட் ஊருக்குத் திரும்பிய பிறகும் கோவிந்து வேலையை விடவில்லை. தென்னாட்டுக் காடுகளை ஆராய்ந்த பெடோம் போன்றவர்களுக்கும் வரைந்து கொடுத்தார்.

ரங்கையா தெலுங்கு பேசும் ஓவியர் மரபைச் சேர்ந்தவர், தஞ்சாவூருடன் தொடர்புடையவர் என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். தஞ்சாவூர் ஓவியர்களின் வேலை எப்படிப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணனின் மார்பில் தொங்கும் ஒவ்வொரு முத்தையும் எண்ணி வைப்பார்கள். அப்படிப்பட்ட மரபிலிருந்து வந்தவர் முன்னால் ஒரு காட்டுச் செடியை வைத்து, “இருக்கிறதை இருக்கிறபடி வரை” என்றால் எப்படி இருக்கும்? கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பூச்சி அரித்த ஓட்டை இலையில் இருந்தால் அதுவும் படத்தில் வரலாம். கையின் நுணுக்கம் பழையது, வேலை புதியது. அதில் ரங்கையா வெற்றி பெற்றார்.

வரைந்த தாள்? கம்பெனி காலத்தில் இத்தகைய படங்கள் பெரும்பாலும் சீமையிலிருந்து கப்பலில் வந்த தாளில்தான் தீட்டப்பட்டன. அந்த நாளில் நல்ல தாள் என்றால் கந்தைத் துணியிலிருந்து செய்த தாள். சணல் நூல் துணி, பருத்தித் துணி இவற்றைக் கூழாக்கிச் செய்தது. மரக்கூழிலிருந்து மலிவாகத் தாள் செய்யும் வழி பரவியது பிற்பாடுதான். துணித் தாளுக்கு ஆயுள் அதிகம். அதனால்தான் அந்தப் படங்கள் இன்றும் கெடாமல் இருக்கின்றன.

கல்லில் ஓர் அச்சு

படம் ஒன்றுதான் இருக்கிறது. அதை நூறு பேர் பார்ப்பது எப்படி? அதற்கு வைட் தேர்ந்தெடுத்தது கல் அச்சு.

கல் அச்சு ஜெர்மனியில் செனிஃபெல்டர் என்பவர் கண்டுபிடித்தது. அதன் இரகசியம் ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் உண்டு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது அல்லவா? அதுதான்! வழவழப்பான ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லில் பிசுக்குள்ள மையால் படம் போடுவார்கள். பிறகு கல்லை நனைப்பார்கள். படம் இல்லாத இடத்தில் தண்ணீர் தங்கும். படம் உள்ள இடத்தில் தங்காது. அச்சு மையை உருட்டினால், அந்த மை தண்ணீர் உள்ள இடத்தை விட்டுவிட்டுப் படத்தில் மட்டும் பிடித்துக்கொள்ளும். மேலே தாளை வைத்து அழுத்தினால் படம் தாளில் ஏறிவிடும்.

இந்த முறையில் 1838 முதல் 1853 வரை வைட் ஒரு பெரிய நூலைச் சென்னையில் வெளியிட்டார். அதன் லத்தீன் பெயரைத் தமிழில் சொன்னால், ‘கிழக்கிந்தியச் செடிகளின் படங்கள்’ என்று ஆகும். 6 பாகங்கள். மொத்தம் 2,101 படங்கள்! இவை கறுப்பு வெள்ளைப் படங்கள். இன்னொரு நூலில் அச்சான படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள். ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் ஆள் உட்கார்ந்து பச்சையும் சிவப்பும் பூச வேண்டும். அந்த ஆட்களின் பெயர் எங்கும் இல்லை.

ஆனால் பல படங்களின் அடியில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில், ‘ரங்கையா வரைந்தது’, ‘கோவிந்து வரைந்தது’ என்று பெயர் அச்சாகி இருக்கிறது. அந்த நாளில் இது சாதாரண விஷயம் அல்ல. கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்குப் படம் எழுதிக் கொடுத்த எத்தனையோ இந்திய ஓவியர்களின் பெயர் அடியோடு மறைந்துவிட்டது.

அதே சமயம் ஜப்பானில்

வைட் குற்றாலத்தில் செடி பறித்த அந்தப் பத்தாண்டில் ஜப்பானில் என்ன நடந்தது? ஹொகுசாய் என்ற புகழ்பெற்ற ஓவியர் பெரிய பெரிய பூப்படங்களை வெளியிட்டார். ஹிரோஷிகே என்ற மற்றோர் ஓவியர் பூவும் பறவையுமாகப் படங்கள் வெளியிட்டார். இவாசாகி ட்சுனெமாசா என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஏறத்தாழ 2,000 செடிகளைப் படத்துடன் விவரிக்கும் நூலை 1828-இல் எழுதி முடித்தார். 1830-இல் அது வெளிவரத் தொடங்கியது. முதல் சில பாகங்களே மர அச்சில் வந்தன. மீதிப் பாகங்களைக் கையால் பிரதி எடுத்துச் சந்தாதாரர்களுக்குக் கொடுத்தார்கள். அவ்வளவு படங்களை மரத்தில் செதுக்குவது அவ்வளவு கடினம்!

மர அச்சு எப்படி? முதலில் ஓவியர் மெல்லிய தாளில் கோட்டுப் படம் வரைவார். அதைக் காட்டுச் செர்ரி மரப் பலகையின் மேல் கவிழ்த்து ஒட்டுவார்கள். செர்ரி மரம் கெட்டியானது. முடி போன்ற கோட்டையும் தாங்கும். செதுக்குகிறவர் கோட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றியுள்ள மரத்தைச் செதுக்கி எடுப்பார். ஒட்டிய படம் அதோடு அழிந்துபோகும். இனிப் பலகைதான் படம்.

ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிப் பலகை. இலையின் பச்சைக்கு ஒன்று. இதழின் சிவப்புக்கு ஒன்று. தாள் ஒவ்வொரு பலகையிலும் ஒரே இடத்தில் சரியாக உட்கார வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பு இதழை விட்டு வெளியே போய்விடும். அதற்காகப் பலகையின் ஓரத்தில் இரண்டு அடையாளம் வெட்டி வைப்பார்கள். தாளின் மூலை ஓர் அடையாளத்தில் பொருந்தும். தாளின் விளிம்பு மற்றதில் பொருந்தும். எளிய யுக்தி, ஆனால் தவறாத யுக்தி.

அச்சடிக்க இயந்திரம் கிடையாது. பலகையில் வண்ணத்தையும் கொஞ்சம் அரிசிப் பசையையும் தூரிகையால் பூசுவார்கள். ஈரம் காட்டிய தாளை மேலே வைப்பார்கள். மூங்கில் பாளை சுற்றிய வட்டமான ஒரு தேய்ப்பானால் தாளின் முதுகில் அழுத்தித் தேய்ப்பார்கள். வண்ணம் தாளின் மேலே நிற்காமல் உள்ளே இறங்கும். அதனால்தான் ஜப்பான் படத்துப் பூவில் அவ்வளவு மென்மை.

ஒரே தாள் பத்து, பதினைந்து முறைகூட இப்படித் தேய்படும். நனையும், உலரும், மறுபடி நனையும். நம் கடைத் தாளாக இருந்தால் இரண்டாம் முறையே கிழிந்துவிடும். ஜப்பான் தாள் கிழிவதில்லை. ஏன்?

பலாவின் உறவு, வெண்டையின் உறவு

அந்தத் தாள் கோசோ என்ற செடியின் பட்டையிலிருந்து வருகிறது. கோசோ முசுக்கட்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆலும் அரசும் அந்தக் குடும்பம்தான். பலாவும் அந்தக் குடும்பமே! குற்றாலநாதர் கோவிலின் தல விருட்சம் குறும்பலா என்பதைத் தென்காசிப் பக்கத்துக் குழந்தைகூடச் சொல்லும். அந்தக் குறும்பலாவுக்கு ஜப்பான் தாள் செடி தூரத்து உறவு.

குளிர் காலத்தில் கோசோவின் கிளைகளை வெட்டுவார்கள். ஆவியில் வேகவைத்தால் பட்டை எளிதில் உரியும். மேலே உள்ள கறுப்புத் தோலைச் சுரண்டிவிட்டு, உள் பட்டையைச் சாம்பல் காரத்தில் கொதிக்க வைப்பார்கள். பிறகு ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் அலசுவார்கள். தூசி, துரும்பு ஒவ்வொன்றையும் கையால் பொறுக்கி எடுப்பார்கள். அரிசியில் கல் பொறுக்குவது போல. அந்த வேலையில் பெண்களின் கைகளே அதிகம். பின்பு பட்டையைத் தடியால் அடித்து நாராக்குவார்கள். அடிப்பதால் நார் பிரியுமே தவிர, அறுந்து போகாது. நீண்ட நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதுதான் அந்தத் தாளின் பலம்.

நாரைத் தண்ணீர்த் தொட்டியில் கலக்குவார்கள். வெறும் தண்ணீரானால் நார் அடியில் தங்கிவிடும். அதற்காக ஒரு செடியின் வேரை நசுக்கி, அந்தக் கொழகொழப்பான சாற்றைச் சேர்ப்பார்கள். அந்தச் செடி எது தெரியுமா? வெண்டைக்காயின் நெருங்கிய உறவு! வெண்டையை நறுக்கும்போது கையில் ஒட்டுகிறதே, அதே கொழகொழப்புத்தான் அங்கே நாரைத் தண்ணீரில் மிதக்க வைக்கிறது.

மூங்கில் தட்டி பொருத்திய சட்டத்தைத் தொட்டியில் முக்கி, முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். தண்ணீர் வடியும். நார் ஏடாகப் படியும். ஈரத் தாளின் மேல் ஈரத் தாளாக அடுக்குவார்கள். பாரம் வைத்து நீரைப் பிழிந்த பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பலகையில் ஒட்டி உலர்த்துவார்கள். வண்ணம் பரவாமல் இருக்க வஜ்ஜிரமும் படிகாரமும் கலந்த நீரைப் பூசுவதும் உண்டு.

இந்தத் தொழிலுக்குப் பேர்போன இடம் எச்சிசென். அங்கே ஒரு கதை சொல்வார்கள். மலை அடிவாரத்துக் கிராமம். நெல் விளைய நிலம் போதாது. மக்கள் கஷ்டப்பட்டார்கள். அப்போது ஆற்றின் மேற்பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். “இங்கே நிலம் இல்லாவிட்டால் என்ன? நல்ல தண்ணீர் இருக்கிறது. தாள் செய்து பிழையுங்கள்” என்று சொல்லித் தொழிலைக் கற்றுக்கொடுத்து மறைந்தாள். ஆற்றின் மேற்பக்கத்து அம்மை என்று அவளை இன்றும் கோவிலில் வைத்துக் கும்பிடுகிறார்கள். தாளுக்கு ஒரு தெய்வம்!

நம் நாட்டுத் தாள்

நம் ஊரில் தாள் செய்யவில்லையா? செய்தார்கள். ஓலையில் எழுதிய நாட்டில் தாள் பட்டறைகளும் இருந்தன. வேலூரில் இன்றும் காகிதப்பட்டறை என்று ஒரு பகுதி இருக்கிறது. பெயரே கதை சொல்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியாரும் அவருடைய கூட்டாளிகளும் தமிழ் அச்சுக்கூடம் வைத்தபோது தாளுக்குத் திண்டாடினார்கள். 1715-ஐ ஒட்டிப் பக்கத்துப் பொறையாற்றில் தாள் பட்டறை ஒன்றும் தொடங்கினார்கள்.

பிறகு இயந்திரத் தாள் வந்தது. கைத் தொழில் நசித்தது. அதற்கு மறுபடி உயிர் கொடுக்க நினைத்தவர் காந்தியடிகள். 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியங்களை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. வார்தாவில் கைத்தாள் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தார் 1959-இல் கைத்தாள் தொழிற்கூடம் தொடங்கினார்கள்.

நம் நாட்டுக் கைத்தாள் பெரும்பாலும் பருத்தித் துணிக் கழிவில் பிறக்கிறது. தையற்கூடத்திலும் பனியன் கம்பெனியிலும் விழும் வெட்டுத் துணியே அதற்கு மூலப்பொருள். துணியைத் துண்டாக்கி, அரைத்து, கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, துணி விரிப்பில் கவிழ்த்து, அழுத்தி, கொடியில் உலர்த்துகிறார்கள். இதற்காக மரம் வெட்ட வேண்டாம். இதில் ஓர் ஒற்றுமையையும் பாருங்கள். வைட் தம் உத்தியோகத்தின் கடைசிப் பத்தாண்டைக் கோயம்புத்தூரில் பருத்திப் பண்ணையைக் கவனிப்பதில்தான் கழித்தார்.

பறிபோன ஒரு பெயர்

1853-இல் வைட் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். அதற்கு முன் ஒரு நல்ல காரியம் செய்தார். காட்டு நிழலில், தரையில் வளரும் ஒரு ஆர்க்கிட் செடி கிடைத்திருந்தது. அதைப் புதிய இனம் என்று கருதினார். அதற்குத் தம் ஓவியரின் பெயரையே சூட்டினார். ‘கோவிந்தூயா’!

ராஜாக்களுக்கும் கவர்னர்களுக்கும் செடியில் பெயர் வைப்பது வழக்கம். மாதச் சம்பளத்துக்குப் படம் எழுதிய ஒரு தென்னாட்டு ஓவியருக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது அபூர்வம்.

ஆனால் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. அந்தச் செடி ஏற்கெனவே 1833-இல் ‘ட்ரோபிடியா’ என்று பெயர் பெற்ற இனத்தைச் சேர்ந்தது என்று பின்னர் தெரிந்தது. செடி நூலில் ஒரு சட்டம் உண்டு. முதலில் வெளியான பெயர்தான் செல்லும். அது யாராக இருந்தாலும் ஒரே சட்டம்தான். ஆகவே ‘கோவிந்தூயா’ பழைய பெயர்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. வைட்டின் பெயர் தாங்கிய ‘வைட்டியா’ என்ற மர இனம் மட்டும் இன்றும் அதே பெயருடன் இருக்கிறது. எசமானரின் பெயர் நின்றது. ஓவியரின் பெயர் நழுவியது. யாரும் செய்த துரோகம் அல்ல. ஆனாலும் மனம் கொஞ்சம் வருந்தத்தான் செய்கிறது.

ஜப்பானிலும் இந்தக் குறை இருந்தது. பழைய மர அச்சுப் படங்களில் ஓவியரின் பெயர் இருக்கும். வெளியிட்டவரின் முத்திரை இருக்கும். மரத்தைச் செதுக்கியவர் யார்? தேய்த்து அச்சிட்டவர் யார்? பெரும்பாலும் பெயர் இராது. தாள் செய்தவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பிற்காலத்தில் அந்த நாடு தன் குறையைத் திருத்திக்கொள்ள முயன்றது. சிறந்த கைவினைஞரை ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று போற்றும் ஏற்பாடு செய்தது. எச்சிசெனில் மர அச்சுக்குரிய தாள் செய்யும் பரம்பரையில் வந்த ஒன்பதாம் இவானோ இச்சிபெய் என்பவருக்கு 2000-இல் அந்தச் சிறப்பு கிடைத்தது. 2014-இல் ஜப்பானின் மூன்று வகைக் கைத்தாள் கலையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நம் ஓவியர்களுக்கும் ஒரு நியாயம் கிடைத்தது. கொஞ்சம் தாமதமாக! எடின்பரோ ராயல் தாவரத் தோட்டத்தில் ரங்கையாவும் கோவிந்துவும் தீட்டிய நூற்றுக்கணக்கான படங்கள் பாதுகாக்கப்பட்டு வந்தன. அவற்றை ஆராய்ந்த ஹென்றி நோல்டி 2007-இல் மூன்று பாகங்களாக ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பில் வைட்டின் பெயருடன் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு பெயர்களும் அச்சாகியிருக்கின்றன. மூலையிலே சின்ன எழுத்தில் இருந்த பெயர்கள் அட்டைக்கு வந்துவிட்டன.

சித்திரத்தைத் தொழும் ஊர்

குற்றாலத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நடராசப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபை இங்கேதான் இருக்கிறது. மற்றச் சபைகளில் விக்கிரகத்தைத் தொழுவார்கள். இங்கே சுவரில் எழுதிய சித்திரத்தையே தொழுகிறார்கள். சித்திரத்தின் மதிப்பை இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தென்காசி தனி மாவட்டமானது 2019-இல். மாவட்டம் புதிது, மலையும் செடிகளும் பழையவை. குற்றாலத்தின் பெயரையே தாங்கிய ஒரு நாவல் இனம்கூட உண்டு. செடி நூலார் அதைக் ‘குற்றாலத்து நாவல்’ என்ற பொருள்படும் லத்தீன் பெயரால் குறிக்கிறார்கள். ஊரின் பெயர் இப்படி உலக நூல்களில் ஏறியிருப்பது, செடியைப் பறித்து, பார்த்து, எழுதி வைத்தவர்களால்தான்.

வைட்டின் நூல்களை இன்று இணையத்தில் எவரும் காசில்லாமல் பார்க்கலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் ஒரு முறை காட்டலாம். சாரல் காலத்தில் ஐந்தருவிப் பாறையில் கண்ட செடியை அதில் தேடச் சொல்லலாம். பிடுங்க வேண்டியதில்லை, பார்த்து வரைந்து வந்தால் போதும்.

தேடுகிற பிள்ளைகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படத்தின் நடுவில் இருக்கும் பூவைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் தள்ளிவிடக் கூடாது. கீழே, மூலையில், சின்ன எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். அதையும் எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டும்.